பெரட்டு: படையிலிருந்து வந்த சொல்



'பெரட்டு' என்ற சொல்லைக் கேட்டதுமே, தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அதிகாலை இருட்டும் கிராணியின் கையிலிருந்த செக்ரோலும் நினைவுக்கு வரும். ஏட்டைப் புரட்டிப் பெயர் வாசிப்பதால் வந்த சொல் என்று எண்ணத் தோன்றும். அப்படியன்று. படைவீரர்கள் அணிவகுத்து நிற்பதை ஆங்கிலத்தில் 'பரேட்' என்பார்கள். அதுவே நம்மவர் நாவில் பெரட்டு ஆயிற்று. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலும் தமிழர்கள் காலையில் கூடும் இடத்திற்குப் பெரட்டுக்களம் என்றே பெயர்.

நாம் குடியிருந்த லயமும் அவ்வாறே. சிப்பாய்களின் குடியிருப்பு வரிசையை 'லைன்ஸ்' என்பது ஆங்கிலப் படையின் வழக்கு. பினாங்கில் 'சிப்பாய் லைன்ஸ்' என்று ஒரு சாலையே உண்டு.

ஆனால் இருட்டில் கூடியதற்குத் துரைமாரின் படைப்பழக்கம் மட்டும் காரணமன்று. மரத்தின் இயல்பும் அது. விடியற்காலையில் பால்மரப் பட்டைக்குள் நீரழுத்தம் மிகுந்திருக்கும். வெட்டியதும் பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற இலைகள் நீரை ஆவியாக விடும், அழுத்தம் குறையும், பாலும் மட்டுப்படும். ஆகவே யார் வந்தார், யார் வரவில்லை என்பது வெளிச்சம் வருமுன்பே தெரிந்தாக வேண்டும். வராதவருடைய மரங்களை வெட்ட வேறு ஆளை அனுப்ப வேண்டுமல்லவா?

நமது மாநிலத்துப் போர்ட்டிக்சனில் 1933 மார்ச் 1-ஆம் நாள், 25 பேருடன் மலாய் ரெஜிமெண்ட் தொடங்கியது. அங்கே வீரர்கள் பரேட்டுக்கு நின்ற காலத்தில், நெகிரி செம்பிலான் ரப்பர்த் தோட்டங்களில் நம்மவர் பெரட்டுக்கு நின்றார்கள். சோர்ந்தாலும் விடாமல் உழைப்பதை ஆங்கிலத்தில் 'சோல்ஜர் ஆன்' என்பார்கள். சிப்பாயைப் போல் தொடர்ந்து செய் என்பது பொருள். நம்மவரும் அப்படித்தான் உழைத்தார்கள். ஆனால் சிப்பாய்க்கு மழை பெய்தாலும் மாதச் சம்பளம் உண்டு. நம்மவருக்கு நாட்கூலி. பட்டை நனைந்தால் பால்வெட்டு இல்லை. செக்ரோலில் பெயர் விழாத நாளுக்குக் கூலியும் இல்லை. படையின் கட்டுப்பாட்டை எடுத்துக்கொண்டவர்கள் படையின் சம்பள முறையை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை!

இதைக் கேட்கச் சங்கம் வேண்டியிருந்தது. நெகிரி செம்பிலான் இந்தியத் தொழிலாளர் சங்கத்தில் பணியாற்றிய பி.பி. நாராயணன், 1954-இல் பல சங்கங்கள் இணைந்து உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் பொதுச் செயலாளரானார். மாதச் சம்பளம் என்பது அச்சங்கத்தின் நெடுநாள் கோரிக்கை. தீபகற்ப மலேசியாவில் மாதம் 900 வெள்ளி என்ற குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் 2013 சனவரியில்தான் நடப்புக்கு வந்தது. அதற்குள் பல தோட்டங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. நம்மவர் பலர் பட்டணங்களுக்குக் குடிபெயர்ந்துவிட்டனர்.

வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால் இன்றே கேட்டுப் பாருங்கள்: அவர்கள் தோட்டத்தில் பெரட்டு எத்தனை மணிக்கு? மழை பெய்த நாளில் அந்த இடத்திலிருந்து எங்கே போனார்கள்?