மொலோகாய் தீவில் தந்தை தமியான்: இறைப்பிரசன்னமும் தொழுநோயாளர் பணியும்

தந்தை தமியான் (1840–1889) பெல்ஜியம் நாட்டில் பிறந்த கத்தோலிக்கக் குரு ஆவார். ஹவாய்த் தீவுகளுள் ஒன்றான மொலோகாயில், சமூகத்திலிருந்து விலக்கி வைக்கப்பட்ட தொழுநோயாளர்களோடு ஏறத்தாழ 16 ஆண்டுகள் வாழ்ந்து, அதே நோயால் இறந்தார். கடவுள் தம்முடன் இருக்கிறார் என்ற உறுதியே தம்மை அங்கே தாங்கியது என்று அவர் தம் கடிதங்களில் எழுதியுள்ளார். ஆனால் அந்த நம்பிக்கை அவரை நோயிலிருந்து காக்கவில்லை. தனிமைத் துயரத்தையும் அகற்றவில்லை. அப்படியானால் அது அவருக்கு எதைத் தந்தது என்பதே அவருடைய வரலாறு எழுப்பும் கேள்வி.

பிரித்து வைத்த சட்டம்

19ஆம் நூற்றாண்டில் ஹவாய் தனி அரசாக இருந்தது. வெளிநாட்டுக் கப்பல்களோடு வந்த அம்மை போன்ற நோய்களால் தீவு மக்களின் எண்ணிக்கை வேகமாகக் குறைந்துகொண்டிருந்தது. தொழுநோயும் பரவியது. அதற்கு அன்று மருந்து இல்லை. எனவே 1865இல், ஐந்தாம் கமேஹமேஹா மன்னர் காலத்தில், நோயாளர்களைத் தனியே பிரித்து வைக்கச் சட்டம் இயற்றப்பட்டது.

1866 ஜனவரியில் முதல் நோயாளர்கள் மொலோகாய்த் தீவின் வடகரையில் உள்ள கலவாவோவில் இறக்கிவிடப்பட்டனர். அந்த நிலப்பகுதிக்கு மூன்று பக்கமும் கடல்; நான்காம் பக்கம் செங்குத்தான மலைச்சுவர். தப்பிச் செல்ல வழியில்லை என்பதாலேயே அந்த இடம் தேர்ந்தெடுக்கப்பட்டது. கணவன் மனைவியையும், தாய் பிள்ளையையும் பிரிய நேர்ந்ததால் ஹவாய் மக்கள் தொழுநோயைப் 'பிரிக்கும் நோய்' என்றே அழைத்தார்கள். நோயில்லாத உறவினர் சிலர் பிரிய மனமின்றித் தாமாகவே உடன்சென்று பணிவிடை செய்தனர். அங்கிருந்த சீர்திருத்தக் கிறித்தவ நோயாளர்கள் 1866இலேயே சிலோவாமா என்ற பெயரில் ஒரு திருச்சபையை உருவாக்கிக்கொண்டனர். தமியான் வருவதற்கு முன்பே அங்கே அன்பும் வழிபாடும் இருந்தன என்பதை மறந்துவிடக் கூடாது.

அண்ணனுக்குப் பதிலாக வந்தவர்

தமியானின் இயற்பெயர் யோசேப் தெ வூஸ்டர். 1840 ஜனவரி 3 அன்று திரெமெலோ என்ற ஊரில் உழவர் குடும்பத்தில் பிறந்தார். அண்ணனைப் பின்பற்றி இயேசு, மரியா திரு இருதயங்களின் சபையில் சேர்ந்தார். ஹவாய்க்குச் செல்ல வேண்டியிருந்த அண்ணன் நோய்வாய்ப்படவே, அவருக்குப் பதிலாகத் தம்மை அனுப்பும்படி தமியான் மேலிடத்தில் கேட்டுப் பெற்றார். 1864 மார்ச்சில் ஹொனலுலு வந்து சேர்ந்து, அதே ஆண்டு மே மாதம் அங்கேயே குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். அடுத்த 9 ஆண்டுகள் ஹவாய் என்னும் பெரிய தீவில் பணியாற்றினார். அவருடைய பங்கு மக்களிலும் சிலர் நோய் கண்டு மொலோகாய்க்கு அனுப்பப்பட்டிருந்தனர்.

1873 மே மாதம் ஆயர் மேக்ரே, அந்தக் குடியிருப்புக்குக் குரு தேவைப்படுவதைத் தம் குருக்களிடம் சொன்னார். நால்வர் முன்வந்தனர். ஒருவர் மாற்றி ஒருவராகச் சில காலம் அங்கே தங்குவது என்பதே திட்டம். முதலில் சென்றவர் தமியான். மே 10 அன்று அவர் கரையிறங்கியபோது அவருக்கென்று வீடு எதுவும் இல்லை. தொடக்கத்தில் ஒரு தாழை மரத்தின் அடியிலேயே படுத்து உறங்கினார். சில நாட்களிலேயே, தம்மை அங்கேயே விட்டுவிடும்படி மேலிடத்துக்கு எழுதினார்.

கைகளால் செய்த பணி

தொடக்கத்தில் அவரும் தடுமாறினார். புண்களின் வாடை தாங்காமல் வழிபாட்டின் நடுவே காற்றுக்காக வெளியே ஓட நேர்ந்ததுண்டு. வாடையை மறைக்கப் புகைபிடிக்கும் பழக்கத்தை மேற்கொண்டார். ஆனால் நோயாளர்களைத் தொடாமல் விலகி நிற்க அவர் உடன்படவில்லை. புண்களைக் கழுவிக் கட்டினார். சேப்பங்கிழங்குக் கூழை அவர்களோடு ஒரே பாத்திரத்தில் கையிட்டு உண்டார். சவப்பெட்டி செய்தார், குழி தோண்டினார். நோயாளர்களுள் இயன்றவர்களைச் சேர்த்துக்கொண்டு வீடுகள் கட்டினார், குழாய் பதித்துத் தண்ணீர் கொண்டுவந்தார், ஆதரவற்ற சிறுவர் சிறுமியருக்கு இல்லம் அமைத்தார், தேவாலயத்தைப் பெரிதாக்கினார்.

வந்த முதல் ஆண்டிலேயே, மறையுரையில் கேட்போரைத் தம்மிலிருந்து பிரித்துப் பேசாமல், தம்மையும் ஒரு தொழுநோயாளராகச் சேர்த்தே பேசுவதாகத் தம் அண்ணனுக்கு எழுதினார். அப்போது அவருக்கு நோய் இல்லை.

தனிமையும் நற்கருணையும்

தமியானை மிகவும் வாட்டியது தனிமையே. முதல் மாதங்களில் குடியிருப்பை விட்டு வெளியேறக் கூடாது என்று சுகாதார வாரியம் அவருக்குத் தடை விதித்தது. குருவானவரும் மற்றொரு குருவிடம் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்பது கத்தோலிக்க வழக்கம். ஒருமுறை அவருடைய மேலாளரான குரு கப்பலில் வந்தும், கரையிறங்க அனுமதி கிடைக்கவில்லை. தமியான் கப்பலில் ஏறவும் முடியவில்லை. ஆகவே படகில் நின்றபடியே, மற்றவர்களுக்குப் புரியாதிருக்கப் பிரெஞ்சு மொழியில், தம் பாவங்களை உரக்கச் சொல்லி மன்னிப்புப் பெற்றார்.

அர்ப்பணிக்கப்பட்ட அப்பத்தில் கிறிஸ்து உண்மையாகவே பிரசன்னமாயிருக்கிறார் என்பது கத்தோலிக்கரின் நம்பிக்கை. தேவாலயத்தில் அந்த நற்கருணை இல்லையென்றால் தம்மால் அங்கே தொடர்ந்து இருந்திருக்க முடியாது என்று தமியான் எழுதினார். இதில் துயரம் மறைக்கப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவருக்கு இறைப்பிரசன்னம் என்பது ஆபத்தைத் தடுக்கும் கவசம் அன்று. யாரும் உடன் இல்லாத இடத்தில் கிடைத்த துணை. தமக்குக் கிடைத்த அந்தத் துணையையே, கைவிடப்பட்டவர்களின் அருகில் இருந்து அவர்களுக்கும் வழங்கினார். ஆலயத்தில் முழந்தாளிட்ட நேரமும் புண் கழுவிய நேரமும் அவருக்கு ஒரே பணியின் இரு பகுதிகளாக இருந்தன.

நோயும் இறப்பும்

1884 டிசம்பரில் ஒரு நாள் அவர் கொதிநீரில் கால் வைத்தார். தோல் வெந்தும் வலி தெரியவில்லை. அடுத்த ஆண்டு தொழுநோய் உறுதியானது. அதன் பின்னும் அவர் கட்டட வேலையைக்கூட நிறுத்தவில்லை. 1886இல் ஜோசப் டட்டன் என்ற அமெரிக்கர் உதவிக்கு வந்தார். 1888இல் அன்னை மரியான் கோப் தம் சகோதரிகளுடன் வந்து பணியைத் தொடர்ந்தார். 1889 ஏப்ரல் 15 அன்று தமியான் இறந்தார். அவருக்கு வயது 49.

அவர் குறைகளே இல்லாதவர் அல்லர். முன்கோபமும் பிடிவாதமும் உண்டு. அரசு அதிகாரிகளோடும் தம் மேலாளர்களோடும் மோதினார். அவர் இறந்தபின் ஹைட் என்ற சீர்திருத்தச் சபைப் போதகர் அவரை இழித்து எழுதிய கடிதம் வெளியானது. அதற்கு எழுத்தாளர் ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சன் 1890இல் பகிரங்கக் கடிதமாக மறுப்பு எழுதினார். ஸ்டீவன்சன் நேரில் அந்தக் குடியிருப்புக்குச் சென்று வந்தவர். தமியானின் குறைகளை ஒப்புக்கொண்டே அவருடைய பெருமையை நிலைநாட்டியது அக்கடிதம்.

பின்னர்

தமியான் மொலோகாய் வந்த அதே 1873இல்தான் நார்வே மருத்துவர் ஆர்மவர் ஹான்சன் தொழுநோய்க் கிருமியைக் கண்டறிந்தார். எனினும் பயன்தரும் மருந்து 1940களில்தான் கிடைத்தது. ஹவாயில் பிரித்து வைக்கும் சட்டம் 1969 வரை நீடித்தது. இன்று இந்நோய் முற்றிலும் குணப்படுத்தக்கூடியது.

1936இல் தமியானின் உடல் பெல்ஜியத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு லூவன் நகரில் அடக்கம் செய்யப்பட்டது. திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2009 அக்டோபர் 11 அன்று அவரைப் புனிதராக அறிவித்தார். அதற்கு முன், 1995இல் அருளாளர் பட்டம் பெற்றபோது, அவருடைய வலக்கை மட்டும் ஹவாய்க்குத் திருப்பி அனுப்பப்பட்டது. புண்களைக் கழுவிய அந்தக் கை, கலவாவோவில் அவருடைய பழைய கல்லறையில் மீண்டும் வைக்கப்பட்டது.