மேமோகிராம்: நிழலைப் பிரித்த கதை

"மேமோகிராம் எடுத்தாயிற்றா?" என்று கேட்டால், "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்கிறோம். அந்தப் படம் இன்றைய நிலைக்கு வர எத்தனை காலம் ஆயிற்று தெரியுமா?

1913-இல் பெர்லின் அறுவை மருத்துவர் ஆல்பர்ட் சாலமன், அகற்றப்பட்ட சுமார் 3,000 மார்பகங்களை எக்ஸ்ரே எடுத்துப் புற்றுநோயின் அடையாளங்களைக் குறித்தார். 1960-இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் ராபர்ட் ஈகன், நோயாளிகளுக்குத் தெளிவாகப் படமெடுக்கும் முறையை வெளியிட்டார்.

ஆனாலும் ஒரு குறை இருந்தது. எக்ஸ்ரே தட்டையான படம். திசுக்களின் நிழல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழும்போது உள்ள கட்டி மறையும். இல்லாத கட்டி இருப்பதுபோலவும் தோன்றும். அடர்த்தியான மார்பகத்தில் இந்தச் சிக்கல் அதிகம்.

1990-களில் பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் டேனியல் கோபன்ஸ், லோரன் நிக்லாசன் குழுவினர் இதற்கு வழி கண்டார்கள். எக்ஸ்ரே குழாய் வில்போல் நகர்ந்து பல கோணங்களில் படமெடுக்கும். கம்ப்யூட்டர் அவற்றைச் சேர்த்து, மெல்லிய அடுக்கடுக்காகக் காட்டும். இதுதான் 3டி மேமோகிராம். 2011-இல் அமெரிக்க அரசு இதற்கு அனுமதி தந்தது.

இதுவும் எல்லாவற்றையும் காட்டிவிடாது. படம் நார்மல் என்றாலும், மார்பில் மாற்றம் தெரிந்தால் மருத்துவரைப் பாருங்கள். மறுபடம் எடுக்க அழைத்தால் பயந்து ஒதுங்காதீர்கள். பெரும்பாலும் அது புற்றுநோயாக இருப்பதில்லை. போய்த் தெரிந்துகொள்வதே நல்லது.