நகரத் தூய்மையும் குத்தகைக் கணக்கும்

வரிப்பணம் பொதுமக்களின் பணம். அதனைச் சிக்கனமாகச் செலவிட வேண்டுமென்பதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை. நகரசபை தானே ஆள் வைத்துச் செய்த வேலையைக் குத்தகைக்கு விட்டால் செலவு குறையும் என்னும் வாதம் பல நாடுகளிலும் எழுந்ததுண்டு. இங்கிலாந்தில் 1988ஆம் ஆண்டுச் சட்டம், குப்பை அகற்றுதல் முதலிய பணிகளைப் போட்டி ஏலத்திற்கு விடுமாறு உள்ளாட்சி மன்றங்களைக் கட்டாயப்படுத்தியது. 2000ஆம் ஆண்டில் அக்கட்டாயம் நீங்கியது. அதே ஆண்டில் சென்னை மாநகராட்சி மூன்று மண்டலங்களின் துப்புரவைத் தனியார் நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைத்தது. திருவனந்தபுரம் இவ்வழியில் கண்ட அனுபவம் யாது என்பதை இங்கே நோக்குவோம்.

1795இல் பத்மநாபபுரத்திலிருந்து தலைநகர் மாறிய பின்னர் வளர்ந்தது இந்நகரம். 1920இல் நகரசபையும் 1940இல் மாநகராட்சியும் அமைந்தன. அக்காலத்துத் திருவிதாங்கூர் நகரங்களில் துப்புரவு செய்தோர் வாழ்வை அறிய, தகழி சிவசங்கரப் பிள்ளை 1947இல் வெளியிட்ட ‘தோட்டியுடெ மகன்’ நாவல் துணை செய்கிறது. கதை நிகழ்வது ஆலப்புழை நகரில். பாட்டன் பெயர் இசக்கிமுத்து; தந்தை பெயர் சுடலைமுத்து. நெல்லைச் சீமையின் மணம் வீசும் இப்பெயர்களைக் கேட்ட அளவிலேயே, பிழைப்பு நாடி மலை கடந்த நம்மவரின் நினைவு எழுகின்றதன்றோ? மகன் இத்தொழிலுக்கு வரலாகாதென்று கருதிய சுடலைமுத்து, அவனுக்கு மோகனன் என்று பெயரிடுகின்றான். நகரசபையின் நேரடி வேலை என்பதனாலேயே தொழிலாளிக்கு நீதி கிடைத்துவிடவில்லை. ஆயினும், தன் எசமானர் யார், முறையிட வேண்டிய வாயில் எது என்பதை அவன் அறிந்திருந்தான்.

2000ஆம் ஆண்டில் நகரக் குப்பையை உரமாக்கும் ஆலை ஒன்று விளப்பில்சாலையில் எழுந்தது. அதனை நடத்தும் பொறுப்பு முதலில் தனியார் நிறுவனத்திடம் இருந்தது. பின்னர் மாநகராட்சியே ஏற்றது. நகரத்தின் சுமையோ அயலூரின் நீரையும் காற்றையும் கெடுத்தது. 2011 டிசம்பரில் விளப்பில் ஊராட்சி ஆலையைப் பூட்டியது. 2012 பிப்ரவரியில் காவலர் துணையுடன் குப்பை வண்டிகளைக் கொண்டுசெல்ல முயன்றபோது, ஊர்மக்கள் வழிமறித்து நின்றனர். ஏலத்தொகையில் எழுதப்படாத செலவு எங்கோ ஓரிடத்தில் எவர் தலையிலோ விழுந்தே தீரும் என்பதற்கு இது ஒரு சான்று.

வீடுதோறும் குப்பை சேகரிக்கும் பணி, 1998இல் தொடங்கிய குடும்பஸ்ரீ இயக்கத்தின் மகளிர் குழுக்களைச் சேர்ந்தது. அவர்கள் மாநகராட்சியின் ஊழியர் அல்லர்; வீட்டார் தரும் கட்டணமே அவர்களது வருவாய். ஏழை மகளிர் பலருக்கு இதனால் கையில் காசு புழங்கியது. இந்நன்மையை மறுத்தல் நேர்மையாகாது. ஆனால் ஓய்வூதியமும் ஊதியத்தோடு கூடிய விடுப்பும் உடைய நிரந்தர ஊழியரின் நிலை அவர்களுக்கு வாய்த்ததில்லை. நகரசபைக் கணக்கில் மிச்சமாகத் தோன்றும் பணத்தில் ஒரு பகுதி, இவ்வாறு கொடாமல் விட்ட பணமேயாகும்.

2024 ஜூலை 13ஆம் நாள், தம்பானூர் ரயில் நிலையத்தின் அடியில் ஓடும் ஆமையிழஞ்சான் தோட்டில் குப்பை அகற்ற இறங்கிய தொழிலாளி ஒருவரைப் பெருமழை வெள்ளம் அடித்துச் சென்றது. மூன்றாம் நாள் அவரது உடல் கிடைத்தது. அவர் ரயில்வேப் பணிக்காகக் குத்தகைதாரர் அமர்த்திய தற்காலிக ஆள். தோட்டில் குப்பை சேர்ந்ததற்குப் பொறுப்பு யாருடையது என்று ரயில்வேயும் மாநகராட்சியும் ஒன்றையொன்று சுட்டின. மாநில அரசு அவருடைய தாயாருக்குப் பத்து லட்சம் ரூபாய் வழங்கியது. அத்தொகையும் பொதுப்பணமே, எந்த ஏலக் கணக்கிலும் அதற்கு இடமில்லை.

1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், இடையறாது நடைபெறும் பணிகளில் ஒப்பந்தமுறையை அரசு தடைசெய்ய வழி வகுத்திருந்தது. எனினும், அவ்வாறு தடைசெய்தாலும் தொழிலாளர் தாமாகவே நிரந்தரப் பணியாளராகிவிட மாட்டார் என்று 2001இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. குப்பை சேராத நாள் எந்நகரத்திலும் இல்லை. அதனை அகற்றும் வேலைக்கு மட்டும் நிரந்தரம் இல்லாதிருப்பது முரண் அன்றோ?

மலையாளத்தில் ஒப்பந்தத்தைக் ‘கரார்’ என்பர். தமிழில் நாம் ‘கறார்’ என்று சொல்வது தளர்வில்லாத உறுதியை. ஒப்பந்தங்களில் விலை கறாராகவே எழுதப்படுகிறது. வேலை செய்வோனின் உயிருக்கும் முதுமைக்கும் யார் பொறுப்பு என்பதும் அவ்வாறே கறாராக எழுதப்படுமாயின், எது சிக்கனம், எது வெறும் கைமாற்றம் என்பது வரி செலுத்துவோருக்குத் தெளிவாகும். பிற மாநிலங்களில் வாழ்ந்து, அவ்வவ்வூர் நகரசபைகளுக்கு வரி செலுத்தும் தமிழராகிய நாமும், நம் தெருவைத் துப்புரவு செய்பவருக்கு ஊதியம் அளிப்பவர் யார் என்று ஒருமுறையேனும் கேட்டறிதல் நலம்.