மந்திரத்துக்கு ஒரு லேப்

எக்ஸ்-மென் பார்த்திருப்பீங்க. சூப்பர் பவர் உள்ள பசங்களை எல்லாம் கூட்டி வச்சு ஒரு புரொபசர் பள்ளிக்கூடம் நடத்துவார். அதே மாதிரி, மனசாலேயே ஸ்பூனை வளைக்கிற பசங்களை ஒரு நிஜ பல்கலைக்கழகம், நிஜ காசில், நிஜ இயற்பியல் பேராசிரியரை வைத்து ஆராய்ந்தது என்றால் நம்புவீங்களா? நம்பித்தான் ஆகணும். நடந்தது அமெரிக்காவில்.

அங்கே இது புதுசும் இல்லை. 1930களிலேயே டியூக் பல்கலைக்கழகத்தில் ஜே.பி.ரைன் என்பவர், ஐந்து வகைப் படம் போட்ட 25 சீட்டுகளை வைத்துக்கொண்டு, பார்க்காமலே சொல்ல முடியுமான்னு சோதித்துக்கொண்டிருந்தார். குருட்டாம்போக்கில் அடிச்சு விட்டாலே சராசரியா 5 சரியா வரும். தொடர்ந்து அதுக்கு மேல வந்தா விசேஷம். 1970களில் சி.ஐ.ஏ.வே காசு கொடுத்தது, உட்கார்ந்த இடத்திலிருந்தே ரஷ்யாவை 'பார்க்க' முடியுமா என்று! அந்த ஆராய்ச்சி பல கை மாறி, ஸ்டார்கேட் என்ற பெயரோடு 1995ல்தான் மூடப்பட்டது.

சரி, மேட்டருக்கு வருவோம்.

1979ல் விமானக் கம்பெனி அதிபர் ஜேம்ஸ் மெக்டானல், செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்கு 5 லட்சம் டாலர் கொடுத்தார். அமானுஷ்ய சக்தி ஆராய்ச்சிக்கு. பொறுப்பாளர், பீட்டர் பிலிப்ஸ் என்ற இயற்பியல் பேராசிரியர். அவருக்கு ஜேம்ஸ் ராண்டி என்ற மேஜிக் நிபுணர் கடிதம் போட்டார். ஏமாறாமல் இருக்க 11 யோசனைகள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு பொருள்தான் தரணும், சோதனைக்கு வந்தவன் இஷ்டத்துக்கு விதியை மாத்த விடக்கூடாது, இப்படி. கூடவே, இலவசமா வந்து உதவி பண்றேன்னும் சொன்னார். பிலிப்ஸ் வேண்டாம்னுட்டார்.

லேபுக்கு இரண்டு பசங்க தேறினார்கள். ஸ்டீவ் ஷா, மைக்கேல் எட்வர்ட்ஸ். ஒருத்தனுக்கு 18 வயசு, இன்னொருத்தனுக்கு 17. இரண்டு பேருமே ராண்டியின் ஆட்கள்! அவர் போட்ட கண்டிஷன் ஒண்ணே ஒண்ணு: யாராவது 'நீங்க ஏமாத்தறீங்களா?' என்று நேரடியா கேட்டால், உடனே உண்மையைச் சொல்லிடணும்.

யாரும் கேட்கவே இல்லை.

பசங்க செய்த வேலை எல்லாம் சின்னச் சின்னது. மேஜையில் ஏகப்பட்ட ஸ்பூன், ஒவ்வொன்றிலும் நூலில் கட்டிய அடையாளச் சீட்டு. சீட்டு இடைஞ்சலா இருக்குன்னு கழட்டி, வேற ஸ்பூனில் மாட்டிடுவாங்க. மறுபடி அளந்தால் ஸ்பூன் வளைஞ்சிருக்கும்! கவரில் வைத்து ஸ்டேப்ளர் அடித்த படமா? பின்னை எடுத்து, பார்த்துட்டு, அதே ஓட்டையில் திருப்பிச் சொருகினால் ஆச்சு.

1981ல் வதந்தி கிளம்பியதும் பிலிப்ஸ் பிடியை இறுக்கினார். சக்தியும் காணாமல் போனது. 1983ல் நியூயார்க்கில் பத்திரிகையாளர்கள் முன் குட்டு உடைந்தது. 1985ல் லேபுக்குப் பூட்டு.

இதைப் படிச்சு முதலில் சிரிச்சேன். அப்புறம் பிலிப்ஸ் மேல பாவமா இருந்தது. மனுஷன் முட்டாள் இல்லை. இயற்பியல் ஆளுக்கு எலக்ட்ரான் கூடப் பழகித்தான் பழக்கம். எலக்ட்ரான் பொய் சொல்லாது, சீட்டை மாத்தி மாட்டாது. மனுஷன் மாட்டுவான். அதைக் கண்டுபிடிக்க வேண்டியது மேஜிக்காரன், அவனைத்தான் வாசல்லயே நிறுத்திட்டாங்க.

பொட்டி தட்டற எனக்கு இது நல்லாவே உறைச்சது. நான் எழுதின கோடை நானே டெஸ்ட் பண்ணினா எப்பவும் பாஸ்தான். ஒரு முறை அப்படியே அனுப்பி வச்சு, கஸ்டமர் பேர் இருக்க வேண்டிய இடத்தை காலியா விட்டுப் பார்த்த முதல் ஆள் கிட்டயே மாட்டினேன். காலியா விடுவாங்கன்னு எனக்குத் தோணவே இல்லை. ஏன்னா அது ஓடணும்னு எனக்கு அவ்வளவு ஆசை. பிலிப்ஸுக்கும் அதே ஆசைதான்.

ஒண்ணு மட்டும் இன்னும் உறுத்துது. நம்பி இடம் கொடுத்தவரை ரெண்டு வருஷத்துக்கு மேல ஏமாத்தினது சரியா? தப்புன்னுதான் நினைக்கிறேன். ஆனா அந்த 11 யோசனையையும் படிச்சுட்டு ஓரமா வச்சது யாரு? நீங்க என்ன சொல்றீங்க மக்களே?