காகிதம் இல்லாத பயணம்: சேலம் ஜில்லாவும் இலங்கைத் தோட்டங்களும்

தருமபுரி மாவட்டத்தில் இலங்கைத் தமிழர் முகாம்கள் பலவும் அணைகளை ஒட்டியே இருக்கின்றன. தும்பலஹள்ளி, நாகாவதி, வாணியாறு என்று அணையின் பெயரே முகாமுக்கும் பெயர். அங்கிருப்பவர்களை அயல்நாட்டிலிருந்து தஞ்சம் புகுந்தவர்கள் என்று மட்டுமே பார்க்கும் பழக்கம் நமக்குண்டு. ஆனால் அந்தத் தீவின் தோட்டங்களை உருவாக்கியதில் இந்தப் பகுதிக்கும் பங்குண்டு. தருமபுரி 1965 அக்டோபர் 2-இல்தான் தனி மாவட்டமானது. அதற்கு முன் சேலம் ஜில்லாவின் ஒரு பகுதி. இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் திரட்டிய முதன்மையான ஜில்லாக்களின் வரிசையில் திருச்சி, மதுரை, ராமநாதபுரத்தோடு சேலமும் இருந்தது.

பிரிட்டிஷார் ஆண்ட இலங்கையில் 1820-களில் காப்பித் தோட்டங்கள் தொடங்கின. தொடக்ககாலக் கூலிகள் பருவத்துக்கு மட்டும் போனவர்கள். ராமேஸ்வரம் வழியாக மன்னாரில் இறங்கி, வறண்ட காட்டுப் பாதையில் மாத்தளை வரை நடந்தார்கள். வாந்திபேதியும் மலைக்காய்ச்சலும் அந்தப் பாதையிலேயே பலரைக் கொன்றன. பிழைத்தவர்கள் காப்பிப் பழம் பறித்து முடித்ததும் ஊர் திரும்பினார்கள். 1869-இல் இலைத்துரு நோய் கண்டு, காப்பி படிப்படியாக அழிந்தது. நோய் கண்டதற்கு ஈராண்டு முன்பே, 1867-இல், லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை போட்டிருந்தார். தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்து கிள்ள ஆள் வேண்டும், பெண்களும் வேண்டும். பருவத்துக்குப் போனவர்கள் குடும்பத்தோடு தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் தங்கியது இதனால்தான்.

மக்கள் கிளம்பிய காரணத்தை இந்தப் பக்கமும் தேட வேண்டும். சேலம் ஜில்லாவில் வடக்குத் தாலுகாக்கள் பெரும்பாலும் வானம் பார்த்த பூமி. கேழ்வரகும் சாமையும் விளையும் மேட்டு நிலம். 1876-78 தாது வருஷப் பஞ்சம் ஜில்லாவையே உலுக்கியது. 1871 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 20 லட்சமாக இருந்த மக்கள்தொகை 1881-இல் 16 லட்சமாகச் சரிந்தது. அந்தச் சரிவில் செத்தவர்களும் உண்டு, ஊரைவிட்டுப் போனவர்களும் உண்டு.

இலங்கைப் பயணம் மற்றத் தீவுகளுக்குப் போன பயணம் போன்றதல்ல. மொரீஷியசுக்கும் பிஜிக்கும் போனவர்கள் ஒப்பந்தக் கூலிகள். கப்பல் ஏறுமுன் பெயர், தகப்பன் பெயர், ஊர், தாலுகா, ஜில்லா எல்லாம் பதிவாயின. மொரீஷியசில் மோக்கா என்ற ஊரிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் அந்தப் பதிவேடுகள் இன்றும் இருக்கின்றன. பேரன் பேத்திகள் அவற்றை வைத்து மூதாதையர் ஊரைக் கண்டுபிடிக்கிறார்கள். இலங்கைக்கு ஆள் சேர்த்தவரோ கங்காணி. தம் ஊரிலும் உறவிலும் முன்பணம் கொடுத்து ஆள் திரட்டுவார். வேலைக்கு இறங்கும் ஒவ்வோர் ஆளுக்கும் அவருக்குத் தலைக்காசு. இந்த ஏற்பாட்டில் ஒப்பந்தம் கிடையாது. தொழிலாளியைக் கட்டிப்போட்டது கடன். தோட்டம் மாற வேண்டுமானால் அந்தக் கடன் எழுதிய ‘துண்டு’ வேண்டும். 1921 வரை இந்த வழக்கம் நீடித்தது. ஒப்பந்த முறையைவிட இது சுதந்திரமானது என்று அன்றைய தோட்டத்துரைமார் பெருமை பேசினார்கள். கடனாளியின் சுதந்திரம் எப்படிப்பட்டது என்பது அவர்களுக்குத் தெரியாததல்ல.

1904 முதல் இலங்கைத் தோட்ட முதலாளிகளின் ஆள்சேர்ப்பு அலுவலகம் திருச்சியில் இயங்கியது. மண்டபத்தில் நோய்த்தடுப்பு முகாம் இருந்தது. 1914-இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியதும் போக்குவரத்து எளிதானது. தோட்டத்து வாழ்க்கை ஊரை முழுதாக உதறிவிடவில்லை. மாரியம்மன் திருவிழாவும் மாசியில் காமன் கூத்தும் பொன்னர் சங்கரும் லயத்து முற்றத்தில் ஆடப்பட்டன. ஆனால் களி கிண்டிய வீடுகளில் கோதுமை ரொட்டி சுட்டார்கள். 1939 ஆகஸ்டில் இந்திய அரசு புதிதாகக் கூலிகள் போவதைத் தடை செய்தது.

நூறாண்டாகக் காகிதம் கேட்காமல் வேலை வாங்கிய நாடு விடுதலைக்குப் பின் காகிதம் கேட்டது. 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டப்படி வம்சாவளிக் குடியுரிமை பெற, தகப்பன் இலங்கையில் பிறந்தவர் என்றோ பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்தவர்கள் என்றோ காட்ட வேண்டும். இந்தச் சான்றைச் சட்டம் எழுதியவர்களில் எத்தனை பேரால் காட்டியிருக்க முடியுமோ! தோட்டங்களில் வாழ்ந்த இந்திய வம்சாவளியினரான மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவர் ஆனார்கள். அவர்களின் எண்ணிக்கை 9,75,000 என்று கொண்டு 1964-இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பற்றிப் பின்னர் பேசுவது. பத்தாண்டு கழித்து அந்த மீதியும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டது. மனிதர்களை இப்படிப் பங்கு போட்ட ஒப்பந்தத்தைத் தோட்டத் தொழிலாளரைக் கேட்டு எழுதவில்லை.

இதற்கிடையே 1977, 1983 கலவரங்களில் அடிபட்ட மலையகக் குடும்பங்கள் பல வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் ஓடின. அங்கே போர் துரத்தியது. 1984-இல் தலைமன்னார்க் கப்பலும் நின்றது. இந்தியப் பாஸ்போர்ட் கையில் வைத்திருந்தவர்களே வர முடியாமல் நின்றார்கள். படகேறி வந்தவர்கள் அகதிகளாகப் பதிவானார்கள். அவர்களில் பலர் முதலில் இறங்கிய இடம், பாட்டன்மாரைக் கப்பலேற்றிய அதே மண்டபம் முகாம்.

2003-இல் இலங்கை, தன் நாட்டில் எஞ்சியிருந்த இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை தந்தது. இங்கே முகாமில் இருப்பவர்களின் நிலை வேறு. 2019 ஜூனில், மலையக வம்சாவளியினர் 65 பேர் தொடுத்த வழக்கில், அவர்களின் இந்தியக் குடியுரிமை விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும்படி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொன்னது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கையின் பெயர் இல்லை.

முகாம்களுக்குப் பெயர் மாற்றம் நடந்திருக்கிறது: 2021 ஆகஸ்டிலிருந்து இவை ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள்’. அது நல்லதே, ஆனால் போதாது. கங்காணி முறையால் காகிதம் இல்லாமல் போனவர்களின் வாரிசுகளிடம் மூதாதையரின் காகிதத்தைக் கேட்பது நியாயமல்ல. குலதெய்வக் கோயில் வரிக்கணக்கு, உறவினர் கடிதங்கள், பழைய தோட்டப் பதிவுகள் ஆகியவற்றையும் வம்சாவளிச் சான்றாக அரசு ஏற்க வேண்டும். அவற்றைத் தாலுகா வாரியாகத் திரட்டும் வேலையை நம் மாவட்டத்துக் கல்லூரிகளின் வரலாற்றுத் துறைகள் இப்போதே தொடங்கலாம்.