திரிகால மணியும் நம் தோட்டங்களும்

யூபிலி மலரில் கோயில் கட்டிய வரலாறு வருவது இயல்பு. நாம் இங்கு, கோயிலுக்கு வெளியே நம் முன்னோர் இறைவனுக்குச் செவிசாய்த்த இடங்களைப் பற்றிச் சிறிது எழுத விரும்புகிறோம்.

கொங்கு நாட்டின் ஆதி விசுவாசிகள் பலருக்குக் கோயில் தொலைவில் இருந்தது. குருக்களோ மிகச் சிலர். 1846 அக்டோபர் 4-ஆம் நாள் கருமத்தம்பட்டியில் ஆயராக அபிஷேகம் பெற்ற மரியோன் தெ பிரெசில்லாக் ஆண்டகை, உள்நாட்டுக் குருக்களை உருவாக்க வேண்டுமென்று ஓயாமல் வற்புறுத்தியவர். குருவானவர் வராத நாட்களில் உபதேசியார் செபம் சொன்னார். அவரும் இல்லாத நாட்களில் திரிகால செபம் இருந்தது. அதற்குக் கூரையும் வேண்டாம், புத்தகமும் வேண்டாம்.

இச்செபம் ஒரே நாளில் பிறந்ததன்று. மாலை மணி கேட்டு மூன்று முறை அருள் நிறைந்த மந்திரம் சொல்லும் வழக்கத்துக்கு 1318-இல் பாப்பரசர் 22-ஆம் அருளப்பர் ஞானப்பலன் அளித்தார். துருக்கியப் படை பெல்கிரேடை முற்றுகையிட்ட 1456-இல், நண்பகலிலும் மணி அடித்துச் செபிக்கும்படி 3-ஆம் கலிஸ்து பணித்தார். பிரெஞ்சு ஓவியர் மில்லே 1859-இல் முடித்த படத்தைப் பலர் நாட்காட்டிகளில் பார்த்திருப்பீர்கள். உருளைக்கிழங்குக் காட்டில் கணவனும் மனைவியும் தலைகுனிந்து நிற்கின்றனர். கோயில் கோபுரமோ அடிவானத்தில் ஒரு சிறு கோடு!

நம் பக்கத்திலும் அப்படித்தான். மணி கேட்டதும் கவலை இறைக்கும் மாடுகளை நிறுத்தி, உருமாலைக் கழற்றி, கிணற்று மேட்டிலேயே நின்று செபித்ததாகப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். (மாடுகளுக்கும் அது நல்ல இளைப்பாறுதல்!) 1930-களில் பைக்காரா மின்சாரம் கோவை வட்டாரத்துக்கு வந்தது. நாளடைவில் கவலை போய் மோட்டார் வந்தது. மோட்டார் மணிக்காக நிற்பதில்லை. அதன் இரைச்சலில் மணி கேட்பதுமில்லை. செபம் குறைந்ததற்கு மக்களின் பக்திக் குறைவை மட்டும் காரணமாகச் சொல்வது நியாயமன்று என்பது நம் கருத்து. 6-ஆம் சின்னப்பர் 1974-இல் தேவமாதா வணக்கத்தைப் பற்றி எழுதிய ஊக்கவுரையில், பழைய பழக்கங்கள் சில இக்கால வாழ்வில் மறைந்துபோனதை ஒப்புக்கொண்டார். ஆயினும் செபத்தை மாற்றத் தேவையில்லை என்றார்.

வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் நம் நொய்யல் கரூர்ப் பக்கம் காவிரியில் கலக்கிறது. அங்கிருந்து கீழே, குளித்தலை அருகே தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக் கரையில் இருக்கிறது சாந்திவனம். தந்தை மோன்ஷானேன், தந்தை லெ சோ ஆகிய இருவரும் 1950 மார்ச் 21-இல் தொடங்கிய ஆசிரமம் அது. 1968-இல் தந்தை பீட் கிரிஃபித்ஸ் வந்து பொறுப்பேற்றார். மௌனம் நாடி உலகின் பல திசைகளிலிருந்தும் மக்கள் அங்கு வருகின்றனர். அங்கும் காலை, நண்பகல், மாலை என மூன்று வேளைச் செபம் உண்டு. தோட்டத்தையும் கறவை மாட்டையும் விட்டு அங்கு போய்த் தங்க நம்மில் எத்தனை பேருக்கு முடியும்? நம் பாட்டிமார் அம்மூன்று வேளைகளையும் அடுப்படியிலேயே வைத்திருந்தார்கள்.

சொல்லி முடிக்க மூன்று நிமிடம் போதும். சனி மாலையும் ஞாயிறும் நின்றுகொண்டு, மற்ற நாட்களில் முழந்தாளிட்டுச் சொல்வது பழைய முறை. களத்து மேட்டிலும் பாத்தியிலும் நின்றே சொன்னார்கள்.