குஞ்சை எண்ணக் கொடுத்த காசு



தலைமடைக்காரர் தண்ணீரை மறித்தால் கடைமடைக்காரர் பாடு என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஏரியாவது ஓரிடத்தில் கிடக்கிறது; ஊர் கூடி முறை வைத்துக்கொள்ளலாம். மீன் ஓரிடத்தில் கிடக்குமா? ஒரு மாநிலத்து ஆற்றில் பொரித்து, இன்னொரு மாநிலத்துக் கடலில் வளர்ந்து, மூன்றாவது மாநிலத்து வலையில் விழும். அதைக் காக்க அரசாங்கம் பணம் ஒதுக்கினால் யாருக்குக் கொடுப்பது, எதற்குக் கொடுப்பது? அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இதற்கு ஒரு வழி பிறக்க நாற்பது வருஷத்துக்கு மேல் பிடித்தது.

அந்த மீனுக்கு ஸ்டிரைப்ட் பாஸ் என்று பெயர். உடம்பில் நீளவாட்டில் கறுப்புக் கோடு ஓடும். மேரிலாந்துக்காரர்கள் ராக்ஃபிஷ் என்பார்கள். நம்ம உல்லம் மாதிரி கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றுக்கு ஏறி வருகிற ஜாதி. அந்தக் கரையில் கிடைப்பதில் பெரும்பங்கு செசபீக் விரிகுடாவில் விழும் ஆறுகளில் பொரித்ததுதான். வளர்ந்தபின் வடக்கே நியூயார்க், மாசசூசெட்ஸ் என்று போய்விடும்.

1942-லேயே கரையோர மாநிலங்கள் கூடி ஓர் ஆணையம் வைத்துக்கொண்டன. ஆனால் அதற்கு யோசனை சொல்லத்தான் அதிகாரம். கேட்பதும் கேளாததும் அவரவர் விருப்பம். 1973-ல் 1 கோடியே 47 லட்சம் பவுண்டு பிடிபட்ட மீன், 1983-ல் 35 லட்சம் பவுண்டாகச் சுருங்கியது. ஒரு மாநிலம் மட்டும் வலையைச் சுருட்டினால், தப்பிய மீன் பக்கத்து மாநிலத்துக்காரருக்குத்தான் போகும். பின்னே யார் முதலில் சுருட்டுவார், சொல்லுங்கள்!

முடிச்சை அவிழ்த்தது ஒரு சின்ன வேலை. மேரிலாந்தில் 1954 முதல் வருஷா வருஷம் குஞ்சு எண்ணி வந்தார்கள். நூறடி நீளக் கரைவலை, 22 இடங்கள், கோடைகாலம். வலையை இழுத்து, அந்த வருஷம் பொரித்த குஞ்சு சராசரி எத்தனை என்று எழுதி வைப்பார்கள். அவ்வளவுதான். மாலை போட, படம் எடுக்க யாரும் வராத வேலை. 1970-ல் இழுப்புக்கு 30 குஞ்சு வந்தது. 1981-ல் ஒன்றுதான் வந்தது. இந்தக் கணக்கை யாராலும் மறுக்க முடியவில்லை.

1979-ல் ரோட் ஐலண்ட் செனட்டர் ஜான் சேஃபி முயற்சியால் அவசர ஆய்வுக்கு மத்திய அரசின் பணம் வந்தது. 1984-ல் சட்டம் வந்தது: கூட்டுத் திட்டத்தை மீறும் மாநிலத்தில் இந்த மீன்பிடிப்பையே மத்திய அரசு நிறுத்தலாம். 1985 ஜனவரியில் மேரிலாந்து முழுத் தடை போட்டது. 1982-ல் பிறந்த பெண்மீன்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து ஒருமுறையாவது முட்டையிட வேண்டும், அதுவரை தொடாதே என்பது ஆணையத்தின் கணக்கு.

1986-ல் பணத்துக்கும் ஒரு சட்டம் செய்தார்கள். இதிலேதான் சூட்சுமம் இருக்கிறது. மீன்வள வேலைக்கு மாநிலம் 25 ரூபாய் போட்டால் மத்திய அரசு 75 போடும் என்கிற விகிதம். ஆனால் பக்கத்து மாநிலங்களோடு சேர்ந்த திட்டத்தை ஏற்றுக்கொண்டால் 90 வரை போடலாம். எந்த ஒரு மாநிலமும் மொத்த ஒதுக்கீட்டில் 6 சதவீதத்துக்கு மேல் வாங்க முடியாது. பெரிய கை எல்லாவற்றையும் அள்ளாது. ஒத்துப்போகிறவருக்குச் செலவும் குறையும். சும்மா பணம் கொட்டியிருந்தால் ஆளுக்கொரு கட்டடம் கட்டி முடித்திருப்பார்கள் என்பது என் எண்ணம்.

தடையை எடுப்பதற்கும் அந்தக் குஞ்சுக் கணக்கே அளவுகோல். மூன்று வருஷச் சராசரி 8-ஐத் தாண்ட வேண்டும். 1989-ல் இழுப்புக்கு 25 வந்து சராசரியைத் தூக்கிவிட்டது. 1990-ல் கட்டுப்பாட்டோடு வலை இறங்கியது. நடுவில் அந்த ஐந்து வருஷப் பாரத்தைச் சுமந்தது மீனவக் குடும்பங்கள்தான், அதை மறந்துவிட்டுப் பேசக்கூடாது. 1993-ல் இதே முறையைக் கரையோரத்து மற்ற மீன்களுக்கும் சட்டமாக்கினார்கள். 1995-ல் ஸ்டிரைப்ட் பாஸ் மீண்டுவிட்டதாக ஆணையம் அறிவித்தது.

கதை அதோடு முடிந்துவிடவில்லை. மீன் மறுபடியும் அளவுக்கு மிஞ்சிப் பிடிபட்டிருப்பதாக 2019-ல் வெளிவந்த மதிப்பீடு காட்டியது. மேரிலாந்துக் கரைவலையில் 2023-ல் வந்த சராசரி மறுபடியும் ஒன்றுதான். அந்த 22 இடங்களில் கோடைதோறும் இன்னமும் வலை இழுக்கிறார்கள்.